ஆறரை என்றால் ஆறரை: திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், மண்டகப்படிதாரர்கள், ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊரில் திருவிழாவுக்கு மேடை போட்டாலும் அந்தக் குழுவுக்கும் சேர்த்தே, பாட்டுக் கச்சேரியைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன். என் மனத்தில் இருப்பது ஒரு ஊர், ஒரு இரவு. ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் "நம்ம ஊரைச் சொல்லலை" என்று மடித்து வைத்துவிடுவீர்கள். அன்று பாட வந்தவரின் பெயரையும் சொல்லவில்லை. அவர் யாரிடமும் குறை சொல்லாமல் போனவர். அவர் பெயரை ஒரு புகாருக்குள் இழுக்க எனக்கு மனமில்லை.

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் இன்னமும் தோழிகளாக இருக்கிறோம். இப்போது ஒருத்தி புதுவயலில், ஒருத்தி தேவகோட்டையில், ஒருத்தி சென்னையில், ஒருத்தி சிங்கப்பூரில். நான் மட்டும் பிறந்த ஊரிலேயே இருக்கிறேன். எங்கள் ஐந்து பேரையும் சேர்த்துக் கட்டியது அந்தப் பாடகியின் குரல்தான். பிளஸ் டூ முடித்த வருஷம், 1990, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு அறுபது நிமிஷக் கேசட் வாங்கி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்தோம். பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் பன்னிரண்டு. அந்தக் கேசட் வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வந்தது. பி பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் முழுதாகப் பதியவில்லை. முதல் சரணம் முடிந்து இடையிசை வரும்போது டேப் தீர்ந்து, டக்கென்று நின்றுவிடும். மிச்சத்தை நாங்கள் வாயால் பாடி முடிப்போம். ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் ஓடி ஓடிக் கேட்டு, இரண்டாவது சரணத்தை வார்த்தை வார்த்தையாகப் பாட்டு நோட்டில் எழுதி வைத்தவள் புதுவயல்காரி.

அப்படிப்பட்டவர் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குப் பாட வருகிறார் என்று ஃபிளக்ஸில் பார்த்தபோது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கச்சேரியை நேரில் கேட்க வேண்டுமென்றால் சென்னைக்கோ கோவைக்கோ போகவேண்டும். டிக்கெட், தங்கும் செலவு, கூட வர ஆள், வீட்டில் உத்தரவு, இதெல்லாம் சேர்ந்து வராமல் முப்பத்தைந்து வருஷம் போய்விட்டது. இப்போது அவரே வருகிறார். டிக்கெட் கிடையாது, அம்மன் சந்நிதியில் எல்லோருக்கும் பொது. சிங்கப்பூர்க்காரி விடுமுறையை மாற்றிப் போட்டு வந்தாள். சென்னைக்காரி முந்தின நாள் இரவே பல்லவன் ரயிலில் வந்து இறங்கினாள். தேவகோட்டைக்காரி எழுபத்தெட்டு வயதான அவள் ஆத்தாவையும் கூட்டி வந்தாள். அந்த ஆத்தா வீட்டு டேப் ரெக்கார்டரில்தான் எங்கள் கேசட் அதிகம் ஓடியது.

இந்த ஏற்பாட்டைச் செய்ததற்கு முதலில் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அதை மேலுக்காகச் சொல்லவில்லை. புள்ளி வரி, தலைக்கட்டு வரி என்று குடும்பக் கணக்கில் வரி பிரித்து, வெளியூரில் இருப்பவர்களிடம் பேசி நன்கொடை வாங்கி, பந்தல், ஜெனரேட்டர், மைக் செட், அன்னதானம் என்று நீங்கள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கடைக்கும் ரசீதுப் புத்தகம் வரும். அதைக் கணக்கில் ஏற்றுகிறவள் நான்தான். அவ்வளவு பேருடைய பணமும் உழைப்பும் அந்த இரவில் எப்படி வீணானது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அழைப்பிதழில் மாலை 6.30 என்று போட்டிருந்தது. நாங்கள் ஐந்தரைக்கே போய் மேடைக்கு இடப்பக்கம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துவிட்டோம். தூக்கில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் இருந்தன. ஆறே காலுக்கு அவர் வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் காரிலிருந்து இறங்கி நடந்து வந்ததை நாங்களே பார்த்தோம். ஆனால் மேடை தயாராக இல்லை. பின்புறத் தட்டியில் அப்போதுதான் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் பெட்டியைப் பிரிக்கக்கூட இடமில்லாமல் ஓரமாக நின்றார்கள்.

ஏழு பத்துக்கு அவரை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாடப்போகிறார் என்று கைதட்டினோம். அப்புறம் பொன்னாடை ஆரம்பித்தது.

எனக்குக் கணக்குப் பழக்கம், எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பத்து மூன்று பொன்னாடை. ஐந்து வாழ்த்துரை. ஒவ்வொருவர் பெயரும், அவர் தகப்பனார் பெயரும், தொழிலும், கொடுத்த தொகையும் சொல்லி, மேடைக்கு அழைத்து, போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, இறக்கி, அடுத்தவரை அழைத்து... எட்டு ஐம்பது வரை இதுவேதான் நடந்தது. இரண்டு தடவை வெடி போட்டார்கள். புகை மேடைப் பக்கமே வந்தது. அவர் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் வெந்நீர்க் குடுவை இருந்தது. மூடியைத் திறப்பார், ஒரு வாய் குடிப்பார், மூடுவார். இடது கை மட்டும் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பேச்சைக் கேட்டுப் போடும் தாளமா அது? மனசுக்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள் தேவகோட்டைக்காரி. ஆறரை மணிக்குப் பாடத் தயாராக வந்த குரலை ஒன்பது மணி வரை புகையில் உட்கார வைத்தோம்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு முதல் பாட்டு. எடுத்தவுடனே மைக் ஊளையிட்டது. கச்சேரிக்கு முன்னால் இரண்டு மணி நேரமாவது மைக் செட்காரருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மேடையைக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகத் திறந்து, எது எவ்வளவு சத்தம் என்று அவர்கள் அளந்து வைக்கவேண்டும். பாடுபவரைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வைப்பார்களே, மானிட்டர், அதில் அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்டால்தான் சுருதியில் நின்று பாடமுடியும். கேட்கவில்லை என்றால் தன்னையறியாமல் குரலை உயர்த்திக் கத்தவேண்டியதாகிவிடும். அன்று அந்த வேலையெல்லாம் முதல் இரண்டு பாட்டுக்குள்ளேயே, ஜனங்கள் முன்னாலேயே நடந்தது. "எக்கோ கொஞ்சம் கம்மி பண்ணுங்க தம்பி, எனக்கு என் குரல் வரணும்" என்று அவர் இரண்டு முறை கேட்டார். கோபமே இல்லாமல், வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

மூன்றாவது பாட்டிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேசட்டில் கேட்ட குரலில் மெல்லிசாக ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும். அது இல்லாமல், அந்தக் குரல் பத்தடி தூரத்திலிருந்து, அவர் மூச்சு எடுக்கும் இடம் முதற்கொண்டு கேட்டது. சரணத்தில் ஒரு வரி அவருக்கு நினைவு வரவில்லை. ஒரு கணம் நிறுத்தினார். ஜமுக்காளத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த வரியை எடுத்துப் பாடிவிட்டார்கள். யாரும் சொல்லி வைத்துப் பாடவில்லை. இட்லி மாவு ஆட்டும்போதும், பிள்ளைக்குத் தலை பின்னும்போதும், மில்லில் நெல் காயப்போடும்போதும் பாடிப் பாடி வந்த வரி அது. அவர் சிரித்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். தேவகோட்டை ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு முழுக்க விடவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஒரு பிரமுகர் வந்தார். பாட்டு முடியும்வரை கூடக் காத்திருக்கவில்லை. தொகுப்பாளர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். மறுபடி மாலை, பொன்னாடை, அவர் பேச்சு. பன்னிரண்டு நிமிஷம்.

புதுவயல்காரிக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. காலையில் ஐந்து மணிக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மாமனார் படுக்கையில் இருக்கிறார். ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தபோது எழுந்தாள். "அந்தப் பாட்டு வந்தா போன் போட்டுப் பிடிங்கடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் ஒருத்தி மட்டும் போகவில்லை. அந்த அரை மணி நேரத்தில் திடலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். பாட்டுப் பிடிக்காமல் போனவர் யாருமில்லை.

ஏழாவதாக அந்தப் பாட்டு வந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். பல்லவி, முதல் சரணம். இடையிசையில் புல்லாங்குழல் எடுத்த நேரம், சார்பு ஆய்வாளர் மேடை ஓரத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்து. மைக்கை அணைத்துவிட்டார்கள். பாடகி உடனே இறங்கிவிடவில்லை. இரண்டாவது சரணத்தின் முதல் இரண்டு வரியை மைக் இல்லாமல், நிற்கும் இடத்திலிருந்தே பாடினார். முன்னால் இருந்த எங்களுக்குக் கேட்டது. போன் வழியாகப் புதுவயல்காரிக்குக் கேட்டதெல்லாம் பஸ் இரைச்சலும் எங்கள் பக்கத்துக் கைதட்டலும்தான்.

ஆறு பாட்டு முழுசாக, ஒரு பாட்டு பாதி. கேசட்டில் ஒரு பக்கம்.

இதில் காவல்துறை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. கலை, சமய விழாக்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தளர்வை நம்பி நேரத்தைக் கரைக்கலாமா? திருவிழாக் காலம் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வுக் காலம். திடலுக்குப் பின் தெருவில் பிரசவமான வீடு இருக்கும், நெஞ்சுவலிக்காரர் இருப்பார். பத்து மணிக்கு நிறுத்துவது நியாயம். ஆறரைக்கும் பத்துக்கும் நடுவில் மூன்றரை மணி நேரம் இருந்ததே, அது எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

மூன்றரை மணி நேரத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் நம் ஊர்க்காரர் ஒருவர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890-இல் பிறந்தவர், காரைக்குடிக்கு அடுத்த அரியக்குடிக்காரர். இன்று கர்நாடகக் கச்சேரி எங்கே நடந்தாலும் வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள் பாடி, நடுவில் விரிவான ராகமும் பல்லவியும் வைத்து, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளோடு முடிக்கிறார்களே, அந்தக் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அவர் என்றுதான் சங்கீதக்காரர்கள் சொல்கிறார்கள். ராகத்தையும் பல்லவியையும் மணிக்கணக்கில் பாடுவதே வித்வத் என்று இருந்த காலத்தில், பாமரனும் உட்கார்ந்து கேட்கும்படி அளவாகப் பல உருப்படிகளைப் பாடினார். மார்கழியில் நம் வீட்டுப் பெண்கள் பாடுகிற திருப்பாவை மெட்டும் அவர் போட்டதுதான். 1952-இல் சங்கீத நாடக அகாதமி முதல் தடவையாக விருது கொடுத்தபோது கர்நாடக இசையில் பெற்றவர்கள் இரண்டே பேர். வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி, வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். இந்தியா முழுவதற்கும் கொடுத்த விருதில் இரண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெயரோடு வந்தது. கேட்கத் தெரிந்தவர்களும் கேட்பதற்கு நேரம் கொடுத்தவர்களும் இந்த மண்ணில் இருந்ததால்தான் அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள், பாடினார்கள், வாசித்தார்கள்.

தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக் கேட்கவேண்டும் என்று பணத்தையும் செல்வாக்கையும் கொடுத்து இயக்கம் நடத்திய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் கானாடுகாத்தான்காரர். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது அதன் பலன். பாட்டு, கேட்பவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

நேரத்துக்கும் நமக்குத் தூரத்தில் போய்த் தேடவேண்டாம். 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய கம்பனடிப்பொடி சா. கணேசன் நேரம் தவறாமைக்குப் பேர் போனவர் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த மணிக்குக் கம்பன் விழா தொடங்கும் என்பார் எங்கள் ஐயா. எத்தனையோ அறிஞர்களும் பிரமுகர்களும் வந்துபோன மேடை அது. நேரத்துக்குத் தொடங்கியதால் அவர்கள் யாருக்கும் மரியாதை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மரியாதை என்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. கோயிலில் யாருக்கு முதல் பரிவட்டம், யாருக்கு அடுத்தது என்பதில் ஊரே உடைந்துபோகும் என்பது எனக்கும் தெரியும். கொடுத்தவரை நாலு பேர் முன்னால் நன்றி சொல்லி நிறுத்தவேண்டும், அது நம் பண்பு. அதை ஏன் பாடகி தலையில் வைக்கவேண்டும்? காலையில் அபிஷேகம் முடிந்ததும் அம்மன் முன்னிலையில், மண்டபத்தில், குருக்கள் கையால் பரிவட்டம் கட்டி மாலை போட்டால் அந்த மரியாதைக்கு இருக்கும் கனம், ராத்திரி வெடிப்புகைக்குள் அவசரமாகப் போர்த்துகிற பொன்னாடைக்கு வருமா? காலையில் முடியாதென்றால் ஐந்து மணிக்கு மேடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறே காலுக்கு முடித்துவிடுங்கள். பாடகிக்கு ஊர் சார்பில் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, தலைவர் கையால், இரண்டு நிமிஷம். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் அழைப்பிதழில் இருக்கிறது, ஃபிளக்ஸில் இருக்கிறது, ரசீதிலும் இருக்கிறது. தாமதமாக வரும் பிரமுகர் யாராக இருந்தாலும் அழைத்து உட்கார வையுங்கள். பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நன்கொடை கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்பீர்கள். அன்று பொன்னாடை வாங்கிய நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். போன வாரம் வந்தபோது கேட்டேவிட்டேன். "எனக்கும் பிடிக்கலைம்மா. கூப்பிட்டுப் போகலைன்னா தப்பாயிடும், போனா நேரமாகுது. ஆச்சி பாட்டுக் கேக்கத்தான் வந்தாக, பாதியில தூங்கிட்டாக" என்றார். அவர் கொடுத்தது பாட்டுக்காக. அவர் வீட்டு ஆச்சிக்கும் பாட்டுக் கிடைக்கவில்லை.

கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான் சேரும் என்பது இன்னொரு சமாதானம். எட்டு மணிக்கு மேல் வருகிறார்கள் என்றால், ஆறரை என்று போட்டுவிட்டு ஒன்பதுக்குத் தொடங்குவீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் வருகிறார்கள். ஒரே ஒரு வருஷம் சொன்ன மணிக்குத் தொடங்கிப் பாருங்கள். அடுத்த வருஷம் ஆறு மணிக்கே உட்கார இடம் இருக்காது. அந்தக் காலத்தில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கவில்லையா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நடந்தது, நானும் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அன்று இரவுச் சாப்பாடு முடித்துப் பத்து மணிக்குமேல் வந்து, விடிந்து உள்ளூருக்கே நடந்து போனோம். பொழுது விடியும்வரை நேரம் இருந்தது. இன்று பத்து மணிக்கு விளக்கணைக்கவேண்டிய மேடைக்கு அந்தக் கணக்கு உதவாது.

சோபாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்னால் நான்கு வரிசை சோபாவும் மெத்தை நாற்காலியும் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பொன்னாடை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒன்பது மணிக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கும், போகட்டும். ஆனால் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. முழங்கால் மடக்க முடியாத எழுபத்தெட்டு வயது ஆத்தா தரையில் உட்கார்ந்திருக்க, எட்டடி தூரத்தில் காலி சோபாக்கள் கிடந்தன. பாடகி பாடியது அந்தக் காலி சோபாக்களைப் பார்த்துத்தான். பாடுபவருக்கு எதிரே முகங்கள் வேண்டாமா? முதல் பாட்டு தொடங்கியதும் காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் வயதானவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

அப்புறம், பெண்களுக்குக் கழிப்பறை. அந்தத் திடலில் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டு ஆச்சி ஒருவர்தான் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டார். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி, முன்னே பின்னே தெரியாத முப்பது நாற்பது பெண்கள் வரிசையாகப் பின்கட்டுக்குப் போய் வந்தோம். ஆச்சி வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மெதுவாப் போங்க, இன்னும் பாட்டு ஆரம்பிக்கலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தனை பெரிய பந்தல் செலவில் இரண்டு தற்காலிகக் கழிப்பறைக்கு இடம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்த ஆச்சி கதவைத் திறந்து வைப்பார் என்று இருந்துவிட முடியாது.

பஸ்ஸைப் பற்றிக் கேட்க நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நேரத்துக்குத் தொடங்கினால் இருக்கிற பஸ்ஸே போதும். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு மங்களம் பாடினால் புதுவயல்காரி, பள்ளத்தூர்க்காரி, கோட்டையூர்க்காரி எல்லோரும் கடைசிப் பாட்டு வரை இருந்து வீடு போய்ச் சேர்வார்கள். கூட வர அண்ணனையோ மகனையோ கெஞ்சவேண்டியதில்லை. வீட்டில் "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன பாட்டு" என்ற பேச்சும் எழாது. எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த ஒன்றுதான். எங்கள் வயதுப் பெண்களுக்குக் கோயில் திடல்தான் கச்சேரி சபா. வேறு சபாவுக்குப் போக எங்களுக்கு வழியுமில்லை, வசதியுமில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்னால் குழு கூடும் என்று தெரியும். அப்போது இதை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். யார் பாட வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பாடகியே மறுபடி வந்தால் ஐந்து பேரும் எங்கிருந்தாலும் வந்துவிடுவோம். வேறு யார் வந்தாலும் அவர்களுக்காகவும் எங்காவது ஒரு வீட்டில் ஐந்து பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், இன்னிசை நிகழ்ச்சி என்ற வரிக்கு நேரே என்ன மணி போடுகிறீர்கள் என்பதை மட்டும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அன்று மேடையில் நிற்கப்போகும் அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

முந்தாநாள் புதுவயல்காரி போன் செய்தாள். மாமனாருக்கு இப்போது கொஞ்சம் தேவலையாம். பேச்சோடு பேச்சாக, "இந்த வருஷம் எத்தனை மணிக்குடி?" என்று கேட்டாள். குழுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜமுக்காளத்தில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தி